அப்பா இந்தியாவில் இல்லை

கேள்வி:

வணக்கம் அம்மா. என் அம்மாவும் தம்பியும் டர்பனில், சாட்ஸ்வர்த்தில் இருக்கிறார்கள். நான் கல்யாணமாகி ஜோஹனஸ்பர்க் பக்கம் லெனேசியாவுக்கு வந்து 26 வருடம். தம்பிக்கு 44 வயது, டவுன் சிண்ட்ரோம். அவன் இன்னும் குழந்தைதான். அம்மாவுக்கு 78. அப்பா தவறி இரண்டு வருடம் ஆகிறது. தாங்கமாட்டான் என்று தம்பியிடம் அதை நாங்கள் சொல்லவில்லை. அப்பா இந்தியாவுக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவைத்திருக்கிறோம். அப்போதிலிருந்து அவன் பேச்சு குறைந்துவிட்டது, ராத்திரி எழுந்து கேட் பக்கம் போய் நிற்கிறான். மார்ச்சில் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. இனி அவரால் அவனைப் பார்த்துக்கொள்ள முடியாது. ஆனால் ஹோம் என்று பேச்சை எடுத்தாலே, “எஸிடிமேனி நோயாளிகள் செத்தமாதிரி என் பிள்ளையும் சாகணுமா” என்று அழுகிறார். பக்கத்துத் தெருவில் ஓர் அம்மா தன் வீட்டிலேயே ஒன்பது பேரை வைத்துப் பார்த்துக்கொள்கிறார். சாசா கார்டையும் (அரசு உதவித்தொகை வருகிற கார்டு) பின் நம்பரையும் கொடுத்தால் போதும், அடுத்த மாதமே அழைத்து வாருங்கள் என்கிறார். “ரெண்டு நாள் தங்கிட்டு வா” என்று சொல்லித் தம்பியை அங்கே விட்டுவிடலாமா? வீட்டை அம்மா என் பெயருக்கு எழுதிவிட்டால் அவனை நான் பார்த்துக்கொள்வேன், அதுவும் சரிதானே?

பெயர் வேண்டாம், லெனேசியா

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தம்பியை அங்கே விடலாமா என்று கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பக்கத்துத் தெரு அம்மாவின் வீடு வேண்டாம். அடுத்த மாதம் வேண்டாம். ‘ரெண்டு நாள்’ என்கிற பொய் வேண்டவே வேண்டாம். வீட்டுப் பத்திரத்தைப் பற்றிக் கீழே வருகிறேன், அதில் உங்களோடு எனக்கு ஒரு சின்னச் சண்டை இருக்கிறது.

நான்கு பக்கம் எழுதியிருந்தீர்கள், இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். அம்மாவின் இடுப்பு, உங்கள் வேலை, லீவு கிடைக்காதது, அண்ணி முகம் சுளிப்பது எல்லாம் அதில் இருந்தது. தம்பிக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரி இல்லை. குற்றமாகச் சொல்லவில்லை. சமூகப் பணியாளராக இருபத்தெட்டு வருடம் ஓட்டிவிட்டேன், எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும். ஆனால் மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருந்தீர்கள்: “காலையில் முனையில் இருக்கிற டீ ரூமுக்குப் போய் ஒரு பிரவுன் பிரட், ஒரு பால் வாங்கி வருவான். மீதிச் சில்லறை எவ்வளவு என்று அவனுக்குத் தெரியாது, ஆனால் கடைக்காரர் சரியாகக் கொடுத்துவிடுவார்.” உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்ட வரி அதுதான். குழந்தை தனியாகத் தெருவைக் கடந்து போய் ரொட்டி வாங்கி வராது. அதனால் இந்தப் பதிலில் உங்கள் தம்பியை ‘அவர்’ என்றே எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹாலில் அப்பாவின் படம் இருக்கிறதா என்று கேட்டு உங்களுக்கு ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தேன். இருக்கிறது, தாத்தா படத்துக்குப் பக்கத்தில், மாலை போட்டு, கீழே சின்ன விளக்கு வைத்து என்று பதில் வந்தது. சரி. மாலை போட்ட படத்துக்கு என்ன அர்த்தம் என்று நம் வீடுகளில் நாலு வயதுப் பிள்ளைக்கே தெரியும். நாற்பது வருடமாக அந்த ஹாலில் உட்கார்ந்திருக்கிறவருக்குத் தெரியாதா? அப்பா இறந்த வாரம் வீடு நிறைய ஆட்கள் வந்து அழுதார்கள், பதினாறாம் நாள் சமையல் நடந்தது. அவரை அத்தை வீட்டில் விட்டிருந்தீர்கள், திரும்பி வந்தபோது அப்பா இல்லை, படத்தில் மாலை. கேட்டால் இந்தியா என்கிறீர்கள். மனசில் ஒரு பாதி உங்களை நம்புகிறது, அந்தப் பாதிதான் ராத்திரியில் கேட் பக்கம் போய் நிற்கிறது. நம்பாத பாதிக்குப் பேச ஆளில்லை.

இந்த நிலையில் ‘ரெண்டு நாள்’ என்று சொல்லி ஒரு வீட்டு வாசலில் அவரை இறக்கிவிட்டால் அவர் கணக்கு எப்படிப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். அப்பாவும் ஒருநாள் போனார், போகிறேன் என்று சொல்லாமல் போனார், திரும்பி வரவில்லை. இப்போது நான். எந்த ஹோமாக இருந்தாலும், எவ்வளவு நல்ல ஆட்களாக இருந்தாலும், இந்தக் கணக்கோடு உள்ளே போகிறவர் அங்கே ஒட்டமாட்டார்.

அதனால் முதல் வேலை, அப்பா இறந்துவிட்டார் என்று அவரிடம் சொல்வது. நீங்களும் அம்மாவும் சேர்ந்து உட்கார்ந்து சொல்லுங்கள், பகல் நேரத்தில், வேறு ஆள் இல்லாதபோது. வார்த்தை நேராக இருக்கட்டும். ‘சாமிகிட்ட போயிட்டார்’ வேண்டாம், சாமியிடம் போனவர் திரும்பியும் வரலாம். ‘தூங்கிட்டார்’ வேண்டவே வேண்டாம், அப்புறம் அவர் தூங்கப் பயப்படுவார். “அப்பாவுக்கு நெஞ்சு நின்னு போச்சு. அப்பா செத்துட்டார். இனிமே வரமாட்டார். இந்தியான்னு சொன்னது பொய், எங்க தப்பு.” இவ்வளவுதான். கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள், அது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அஸ்தி எங்கே கரைத்தீர்களோ, உம்கேனி ஆறு கடலில் சேருகிற இடம் என்று எழுதியிருந்தீர்கள், அங்கே அழைத்துப் போங்கள். கையில் கொஞ்சம் பூ கொடுத்து விடச் சொல்லுங்கள். சடங்கில் அவருக்குக் கிடைக்காமல் போன இடத்தை இப்போதாவது கொடுங்கள். அழுவார். அடுத்த வாரம் மறுபடி “அப்பா எங்கே” என்று கேட்பார். அதே பதிலை அதே வார்த்தையில் சொல்லுங்கள். இருபது தடவை கேட்டால் இருபது தடவை.

இதோடு கூடவே ஒரு டாக்டரையும் பார்க்கவேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு நாற்பதுகளிலேயே மறதி நோய் தொடங்கக்கூடும், மற்றவர்களைவிட வாய்ப்பு மிகவும் அதிகம். பேச்சு குறைவது, ராத்திரியில் எழுந்து நடப்பது இரண்டும் அதற்கும் அடையாளம், துக்கத்துக்கும் அடையாளம். தைராய்டு குறைந்தாலும் ஆள் சோர்ந்து ஒடுங்கிவிடுவார், காது அடைத்திருந்தாலும் பதில் சொல்லமாட்டார், தூக்கத்தில் மூச்சுத் திணறினாலும் ராத்திரி எழுந்துவிடுவார். மறதி நோயோடு சேர்த்து இந்த நான்கும் டவுன் சிண்ட்ரோமில் சகஜம், இதில் மூன்றுக்கு நேரடியான வைத்தியம் உண்டு. “இவங்க எல்லாம் இப்படித்தான்மா” என்று சொல்லி அனுப்புகிற டாக்டரிடம் இருந்து எழுந்து வந்துவிடுங்கள். தைராய்டு ரத்தப் பரிசோதனையும் காது பரிசோதனையும் வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். இன்றைக்கு அவரால் தானாக என்னென்ன செய்ய முடிகிறது என்று ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு வையுங்கள். ஒரு வருடம் கழித்து மறதியா இல்லையா என்று முடிவு செய்ய அந்தத் தாள்தான் டாக்டருக்கு உதவும்.

அடுத்தது அம்மாவின் பயம். அதை நீங்கள் வயசானவர் பேச்சு என்று தள்ளியிருக்கிறீர்கள். எனக்கு அது நியாயமான பயமாகவே படுகிறது. லைஃப் எஸிடிமேனி என்கிற மனநலப் பராமரிப்பு நிறுவனத்தில் இருந்தவர்களுக்கு நடந்தது வதந்தி கிடையாது. 2015 கடைசியில் கௌடெங் மாகாண சுகாதாரத் துறை, செலவைக் காரணம் காட்டி, அந்த நிறுவனத்தோடு இருந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. 1,700க்கு மேற்பட்ட மனநோயாளிகளும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார்கள். சிலரை பக்கியில், அதாவது பின்னால் திறந்த சின்ன லாரியில், ஏற்றிக்கொண்டு போனார்கள். மருத்துவக் குறிப்பு இல்லை, யாரை எங்கே கொண்டுபோனார்கள் என்று குடும்பத்துக்கே தெரியவில்லை. 144 பேர் இறந்தார்கள். பசியில், தாகத்தில், குளிரில் இறந்தவர்களும் அதில் உண்டு. சுகாதாரக் குறைதீர்ப்பாளர் மக்கோபா 2017 பிப்ரவரியில் கொடுத்த அறிக்கை, நோயாளிகளை வாங்கிக்கொண்ட 27 தொண்டு நிறுவனங்களுக்கும் செல்லுபடியாகும் உரிமம் இல்லை என்றது. ஓய்வுபெற்ற நீதிபதி மொசெனெக்கே 2018ல் குடும்பங்களுக்குத் தலா 12 லட்சம் ராண்ட் இழப்பீடு கொடுக்கச் சொன்னார்.

இதில் உங்கள் அம்மா படித்த பாடம் ‘வீட்டை விட்டு அனுப்பினால் சாவு’ என்பது. நான் படித்தது கொஞ்சம் வேறு. ஊருக்குள் சாதாரண மனிதர்களோடு வாழவைப்பது என்ற நல்ல கொள்கையின் பெயரைச் சொல்லித்தான் அதைச் செய்தார்கள். ஆனால் ஊரும் தயாராக இல்லை, வீடும் தயாராக இல்லை, கையில் பணமும் இல்லை. ஆட்களை மட்டும் அவசரமாக நகர்த்தினார்கள், அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உரிமம் இல்லாத வீடு, அடுத்த மாதமே, அவருக்குத் தெரியாமல் என்று நீங்கள் போட்டிருக்கிற திட்டத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் அம்மா சரியாகத்தான் மோப்பம் பிடித்திருக்கிறார்.

பக்கத்துத் தெரு அம்மா நல்லவராகவே இருக்கலாம். ஒன்பது பேருக்குத் தினம் சமைத்துப் போடுகிறவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் சாசா கார்டையும் பின் நம்பரையும் கேட்கிற இடத்தில் நான் ஒரு நிமிஷம்கூட நிற்கமாட்டேன். மாற்றுத்திறனாளி உதவித்தொகை 2025ல் மாதம் 2,300 ராண்டுக்குச் சற்று மேல். அது உங்கள் தம்பியின் பணம். தங்குவதற்குக் கட்டணம் வாங்கட்டும், தப்பில்லை. எழுத்தில் ஒப்பந்தம், மாதாமாதம் ரசீது, அவர் கையில் செலவுக்குக் கொஞ்சம் காசு, இது மூன்றும் வேண்டும். கார்டு போனால் அவர் ரொட்டி வாங்கப் போக முடியாது, பாருங்கள்.

அப்புறம் உரிமம். சுவரில் ஒரு சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறார் என்கிறீர்கள். அது தொண்டு நிறுவனப் பதிவாக இருக்கும், என்பிஓ நம்பர் போட்டிருக்கும். அந்தப் பதிவை யாரும் வாங்கலாம், ஒரு கால்பந்து கிளப்கூட வாங்கலாம். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்க 2002ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் விதிமுறைப்படி மாகாண சுகாதாரத் துறை கொடுக்கும் தனி உரிமம் வேண்டும். எத்தனை பேரை வைத்துக்கொள்ளலாம், எந்தத் தேதி வரை என்று அதில் எழுதியிருக்கும். அதைக் கேளுங்கள். எண்ணிக்கையையும் தேதியையும் படியுங்கள். காட்டத் தயங்கினால் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

தாள் சரியாக இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. ஐ.நா. மாற்றுத்திறனாளி உரிமை உடன்படிக்கையில் நம் தென்னாப்பிரிக்கா 2007லேயே கையெழுத்திட்டு ஏற்றுக்கொண்டது. அதன் 19ஆம் பிரிவு, யாரோடு எங்கே வாழ்வது என்று முடிவெடுக்கிற உரிமையைப் பேசுகிறது. 2017ல் அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கிற ஐ.நா. குழு எழுதிய விளக்கத்தில் எனக்குப் பிடித்த ஒரு கருத்து உண்டு: நூறு படுக்கை இருந்தால் விடுதி, ஆறு படுக்கை இருந்தால் வீடு என்று கிடையாது. எப்போது எழுவது, என்ன சாப்பிடுவது, யாரோடு அறையைப் பகிர்வது என்று எல்லாவற்றையும் இன்னொருவர் முடிவு செய்தால் அது எவ்வளவு சின்ன வீடாக இருந்தாலும் விடுதிதான். சொல்லப்போனால், பெற்ற தாயின் வீடுகூட சில சமயம் அப்படி ஆகிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டைச் சொல்லவில்லை.

ஸ்வீடன்காரர் பெங்ட் நிர்யே 1969ல் எழுதியதைப் படிக்கும்போது நான் கல்லூரியில் இருந்தேன், பரீட்சைக்காகப் படித்தேன், அப்புறம் மறக்கவே முடியவில்லை. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் நாளுக்கு ஒரு தாளம், வாரத்துக்கு ஒரு தாளம், வருடத்துக்கு ஒரு தாளம் மற்றவர்களைப்போலவே இருக்கவேண்டும் என்றார். உங்கள் தம்பிக்கு அது தயாராகவே இருக்கிறது. நாளுக்கு டீ ரூம். வாரத்துக்கு வெள்ளிக்கிழமைக் கோயில், அங்கே பஜனைக்குத் தாளம் தட்டுவது அவர்தான் என்று எழுதியிருந்தீர்கள். வருடத்துக்குப் புரட்டாசி விரதம், தைப்பூசக் காவடி, பெரிய வெள்ளி அன்று மாரியம்மனுக்குக் கஞ்சி. ஹோம் பார்க்கப் போகும்போது இதைத்தான் கேட்கவேண்டும். “சுத்தமா இருக்கா, சாப்பாடு நல்லா இருக்கா” என்று எல்லோரும் கேட்பார்கள், எல்லா ஹோமிலும் ஆமாம் என்பார்கள். நீங்கள், “புரட்டாசி மாசம் இவருக்குத் தனியா மரக்கறி சமைப்பீங்களா? போன வருஷம் யாருக்காவது சமைச்சீங்களா? யார் சமைச்சது?” என்று கேளுங்கள். முகத்தைப் பாருங்கள். சமைத்திருந்தால் பெயர் சொல்லிப் பதில் வரும். நடந்து போகிற தூரத்தில் கடை உண்டா, தனியாகப் போகவிடுவார்களா, அறைக்குச் சாவி அவர் கையில் இருக்குமா, ராத்திரி எத்தனை பேர் விழித்திருப்பார்கள் என்றும் கேளுங்கள். சொல்லாமல் ஒருதடவை சாப்பாட்டு நேரத்தில் போய் நில்லுங்கள். தட்டில் என்ன இருக்கிறது என்பதைவிட, கூடச் சாப்பிடுகிற பணியாளர் அவர்களோடு பேசுகிறாரா, அவர்கள் தலைக்கு மேலாக ஒருவருக்கொருவர் பேசிக்கொள்கிறார்களா என்று பாருங்கள். எனக்கு அது போதும்.

என் தப்பு ஒன்றையும் சொல்லவேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், தாயை இழந்த ஒரு பெண்ணை, ஐம்பது வயது இருக்கும், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு ஹோமில் சேர்த்தேன். இடம் காலியானது அன்றைக்குத்தான், விட்டால் போய்விடும் என்று அவசரம். நல்ல ஹோம், உரிமம் எல்லாம் சரி. மூன்று வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் சூட்கேஸ் கட்டில் மேலே மூடியபடி இருக்கிறது, அந்தப் பெண் அதன் பக்கத்தில் சுருண்டு படுக்கிறார். பணியாளர்கள் தினமும் துணியை எடுத்து அலமாரியில் அடுக்குவார்களாம், அவர் ராத்திரியில் மறுபடி எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொள்வாராம். யாராவது கூப்பிட வந்தால் தயாராக இருக்கவேண்டுமே. அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்னால் நான் அவரை ஒரே ஒரு தடவைகூட அங்கே டீ குடிக்க அழைத்துப் போயிருக்கவில்லை.

அதனால் மெதுவாக. ஒரு வருடம் ஆகலாம், ஆகட்டும். ஆனால் இன்றைக்கே தொடங்கவேண்டும், ஏனென்றால் உரிமம் உள்ள நல்ல இடங்களில் காத்திருப்போர் பட்டியல் நீளம், பெயர் கொடுத்து வைப்பதில் நஷ்டம் இல்லை. சாட்ஸ்வர்த் சமூக மேம்பாட்டுத் துறை அலுவலகத்தில் ஒரு சமூகப் பணியாளரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வெறுமனே “ஹோம் வேணும்” என்று போய் நிற்காதீர்கள். முதலில் பகல் வேலைக்கான இடம், ஆதரவுப் பட்டறை என்பார்கள், வாரம் இரண்டு மூன்று நாள். அம்மா இல்லாத ஒரு பகலை அவரும், அவர் இல்லாத ஒரு பகலை அம்மாவும் பழகவேண்டும், இரண்டாவதுதான் கஷ்டம். அப்புறம் தேர்ந்தெடுத்த வீட்டில் ஒரு டீ. அப்புறம் ஒரு மத்தியானச் சாப்பாடு. அப்புறம் ஓர் இரவு, சொன்ன நேரத்துக்குச் சரியாகப் போய் அழைத்து வரவேண்டும். சொன்ன சொல் ஒருதடவை காப்பாற்றப்பட்டால்தான் அடுத்த இரவு. இதற்கெல்லாம் அம்மா உயிரோடு இருப்பதுதான் பெரிய வசதி. மகன் இருக்கிற வீட்டுக்கு அம்மா விருந்தாளியாகப் போய், “என் ரூமைப் பாரு” என்று அவர் காட்ட, அம்மா பார்க்கவேண்டும். அம்மா போனபிறகு செய்தால் இழவு வீட்டில் இருந்து பெட்டியோடு கிளம்புகிறமாதிரி ஆகிவிடும். ‘மூச்சு இருக்கும்வரை என்னோடுதான்’ என்பது தாய்ப்பாசம்தான், மறுக்கவில்லை. அந்த மூச்சு நிற்கிற அன்றைக்கே அவர் அம்மாவையும் வீட்டையும் தெருவையும் டீ ரூமையும் ஒன்றாக இழப்பார்.

வேறு வழியும் இருக்கிறது, அதை நீங்கள் எண்ணிப்பார்க்கவே இல்லை. பின்னால் அவுட்பில்டிங் வாடகைக்கு விட்டிருக்கிறது என்றீர்கள். அவரை நகர்த்தாமல் உதவியை அங்கே நகர்த்தினால் என்ன? வாடகைக்கு விடுவதற்குப் பதில், தெரிந்த ஒருவரைக் குடிவைத்து, வாடகை இல்லாமல், காலையும் ராத்திரியும் அவரைப் பார்த்துக்கொள்ளவும் அம்மாவைக் கவனிக்கவும் ஒப்பந்தம் போடலாம். அவருக்கு ஒருவர் முழுநேரமும் துணை இருந்தே ஆகவேண்டும் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தால், உதவித்தொகையோடு சாசாவில் துணைப் பராமரிப்புத் தொகை என்று இன்னொரு சின்னத் தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். ரொட்டி வாங்கத் தனியாகப் போகிறவருக்கு எழுதிக்கொடுப்பார்களா என்பது டாக்டர் கையில். அரசு மானியம் வாங்குகிற விடுதிக்குப் போனால் அந்தத் துணைத் தொகை கிடையாது. அரசோடு ஒப்பந்தம் உள்ள நிறுவனத்தில் சேர்ந்தால் உதவித்தொகையே நான்காவது மாதத்தில் இருந்து கால்பங்காகக் குறையும், கணக்குப் போடும்போது இதை மறந்துவிடாதீர்கள். இந்த ஏற்பாட்டிலும் ஆபத்து உண்டு. குடிவைத்தவர் சரியில்லை என்றால் வீட்டுக்குள்ளேயே மாட்டிக்கொள்வீர்கள், மாதம் ஒருமுறையாவது யாராவது திடீரென்று போய்ப் பார்க்கவேண்டும். ஆனால் அந்தக் கடைக்காரர் மீதிச் சில்லறையைச் சரியாகக் கொடுக்க எத்தனை வருடம் ஆயிருக்கும்? அப்படி ஓர் ஆளை எந்த ஹோமும் உங்களுக்குத் தயார்செய்து தராது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதைத்தான் முதலில் முயன்று பார்ப்பேன், அதே சமயம் பட்டியலிலும் பெயர் கொடுத்து வைப்பேன்.

சரி, பத்திரம். அம்மா வீட்டை உங்கள் பெயருக்கு எழுதி, நீங்கள் தம்பியைப் பார்த்துக்கொள்வது. உங்கள் மனசில் கள்ளம் இல்லை என்று கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் நீங்கள் அவருக்கு முன்னால் போய்விட்டால் அந்த வீடு உங்கள் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் போகும். தாய்மாமனுக்கு அங்கே ஓர் அறை உண்டு என்று யார் சொல்வது? உங்களுக்குக் கடன் வந்தாலும் வீடு போகும். வீட்டை உங்களுக்குத்தான் தரவேண்டும் என்றால், தம்பி வாழ்நாள் முழுவதும் அங்கே குடியிருக்கும் உரிமையை உயிலில் எழுதி, பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவகத்தில் வீட்டுப் பத்திரத்திலேயே பதியவேண்டும். பணம் இருந்தால் அவர் பெயரில் நேராக எழுதாதீர்கள். பெரிய தொகை வந்தால் சாசாவின் சொத்து வரம்பைத் தாண்டி உதவித்தொகை நின்றுபோகலாம். அவரால் நிர்வகிக்க முடியாது என்று முடிவானால் அந்தப் பணம் உயர்நீதிமன்ற மாஸ்டர் என்கிற அதிகாரி நிர்வகிக்கிற கார்டியன்ஸ் ஃபண்டுக்கும் போய்ச் சேரலாம், அங்கிருந்து ஒவ்வொரு ராண்டுக்கும் எழுதிக் கேட்கவேண்டும். மாற்றுத்திறனாளிக்காக மட்டும் அமைக்கிற சிறப்பு டிரஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. சாதாரண டிரஸ்டுக்கு வருமான வரி 45 சதவீதம், இதற்குத் தனிமனிதருக்குப் போல 18 சதவீதத்தில் தொடங்கும். அம்மாவின் உயிலிலேயே அதை ஏற்படுத்தலாம். உயிலுக்கு இரண்டு சாட்சி. நீங்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள், போட்டால் உங்கள் பங்கே சிக்கலாகும்.

பவர் ஆஃப் அட்டர்னி வாங்கிவிட்டேன், கவலை இல்லை என்கிறீர்கள். கவலை இருக்கிறது. அம்மாவுக்கு நினைவு தவறினால், அதாவது அந்தத் தாள் உங்களுக்கு எப்போது தேவைப்படுமோ அப்போதே, நம் நாட்டுச் சட்டப்படி அது செல்லாமல் போகும். இன்னொன்று, தம்பி சட்டப்படி மேஜரான அன்றே, அந்தக் காலத்தில் அது 21 வயது, அம்மா சட்டப்படி அவருடைய கார்டியன் இல்லை. இருபத்து மூன்று வருடமாக யாரும் அதைக் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். மாஸ்டர் மூலம் நிர்வாகி நியமிக்கிற எளிய வழி கடுமையான குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும். ரொட்டி வாங்கி வருகிறவரை அந்த வகையில் சேர்க்க முயற்சி செய்யவேண்டாம், செய்தால் இருக்கிற சின்னச் சுதந்திரமும் போய்விடும். உயில், டிரஸ்ட் வேலை தெரிந்த வக்கீலைப் பாருங்கள், சொத்து விற்கிற வாங்குகிற வக்கீல் போதாது.

உங்களைப் பற்றிக் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள், லெனேசியாவுக்கு அவரை அழைத்துவர முடியாததற்கு நான் பாவியா என்று. இல்லை. அவருக்கு இன்னோர் அம்மா தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிற அக்கா, புரட்டாசி முடிந்ததும் வந்து, ரொட்டியைக் குடைந்து கறிக்குழம்பு ஊற்றிய பன்னி சௌ வாங்கித் தருகிற அக்கா, ஹோம்காரர்கள் கொஞ்சம் பயப்படுகிற அக்கா, அப்படி ஒருத்தி இருந்தால் போதும்.

அடுத்தமுறை டர்பன் வரும்போது காலையில் அவரோடு டீ ரூம் வரை நடந்து போங்கள், நீங்கள் வழி காட்டாமல் அவர் பின்னால். இந்தக் கடிதத்தை அம்மாவிடம் வாசித்துக் காட்டலாம், எஸிடிமேனி பகுதியை முழுசாக வாசியுங்கள். ஆனால் அப்பாவைப் பற்றித் தம்பியிடம் சொன்னபிறகு வாசியுங்கள். அந்த ஹாலில் சத்தமாக வாசித்தால் அவருக்கும் கேட்கும்.